கம்பெனி அண்ணை கதவைச் சாத்திய சனிக்கிழமை

உலகத்தில் இதுவரை செய்யப்பட்ட கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் தானே பொறுப்பு என்று நினைத்து வாழ்ந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் ஆக்லாந்தில், மாசி என்ற புறநகரில், எங்கள் தெருவின் முடிவில் இருந்தார். யார் வீட்டுக் கம்ப்யூட்டராவது நின்றுபோனது என்று காதில் விழுந்தால் போதும், துக்கம் கேட்க வருவதுபோல் வந்து நிற்பார். திருத்தத் தெரியாது. திருத்தப்போவதாகச் சொல்லவும் மாட்டார். "என்ன வயசுல போச்சு?" என்று கேட்பார். சொன்னால், "நல்லா உழைச்சிருக்கு லா" என்று அதன் முதுகைத் தடவிக்கொடுத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்.

சொந்தப் பெயர் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மலேசியத் தமிழர், பேச்சுக்குப் பேச்சு வரும் அந்த "லா" அங்கத்தையது. பினாங்கில் ஒரு பெரிய அமெரிக்கச் சில்லுக் கம்பெனியின் தொழிற்சாலைக்கு வாலிபத்தை முழுவதாகக் கொடுத்தவர். சில்லு என்றால் கம்ப்யூட்டரின் மூளை. அதை வேறு நாடுகளில் செய்து, பினாங்குக்கு அனுப்பி, அங்கே கூடு போட்டு, சூடு காட்டி, குளிர் காட்டி, சரியாக யோசிக்கிறதா என்று சோதித்த பிறகுதான் உலகத்துக்கு விடுவார்களாம். இவர் சோதிக்கும் பகுதி. கம்பெனியின் பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாமல் இருந்ததுபோல, "கம்பெனி" என்பார். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அதனால் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் கம்பெனி அண்ணை. என்னைவிட இளையவர்தான். இருந்தாலும் எனக்கும் அண்ணைதான்.

கோயிலில் ஒருநாள் அர்ச்சனைத் தட்டோடு எனக்கு முன்னால் நின்றார். "யார் பேருக்கு?" என்று ஐயர் கேட்டார். அண்ணை குனிந்து ஐயரின் காதுக்குள் என்னவோ சொன்னார். ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"நட்சத்திரம்?"

கம்பெனி தொடங்கிய நாளை வைத்துப் பினாங்கில் ஒரு சோதிடரிடம் முன்பே கணித்து வைத்திருந்தாராம். தயங்காமல் சொன்னார்.

"கோத்திரம்?"

"அமெரிக்கா, சாமி."

ஐயர் கண்ணை மூடி, அம்பாளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு மூச்சு விட்டு, மந்திரத்தின் நடுவே அமெரிக்காவை எப்படியோ செருகிவிட்டார். "என்னண்ணை விசேஷம்?" என்று பிரசாதம் வாங்கும்போது கேட்டேன். "கம்பெனிக்கு நேரம் சரியில்ல லா, அக்கா. தைவான் பார்வை படுது" என்றார். அடுத்தவர்கள் வரைந்து கொடுக்கும் சில்லைச் செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் தொழிற்சாலை ஒன்று தைவானில் வளர்ந்து, கம்பெனியையே முந்திப் போய்விட்டதாம். சனி, ராகு, கேது என்று பயப்படுகிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். தைவானுக்குப் பயந்து எள்ளெண்ணெய் எரித்தவர் இவர் ஒருவர்தான்.

தொழிற்சாலைக்குள் ஒரு தூசிகூட இருக்கக் கூடாதாம். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, கையுறை, முகமூடி. கண் மட்டும்தான் வெளியே தெரியும். பக்கத்தில் நின்று வருசக்கணக்காக வேலை செய்தவரைக் கடைத்தெருவில் கண்டால் அடையாளம் தெரியாதாம். அந்தப் பழக்கத்தில், நியூசிலாந்துக்கு வந்த பிறகும், புதிதாக யாரையாவது அறிமுகம் செய்துவைத்தால் தன் உள்ளங்கையை நீட்டி அவர்களுடைய மூக்கையும் வாயையும் காற்றில் மறைத்து, கண்ணை மட்டும் உற்றுப் பார்ப்பார். "ஆ, இப்ப தெரியுது. இனி மறக்க மாட்டேன்." என் மருமகனுடைய மேலதிகாரியைக்கூட அப்படித்தான் பார்த்தார். அந்த வெள்ளைக்காரர் அதை எங்கள் சமய வழக்கம் என்று நினைத்துத் தானும் கையை நீட்டி அண்ணையின் முகத்தை மறைத்தார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

முதியவர்களுக்குப் பஸ் இலவசம் என்பதால் அடிக்கடி நகர மையத்துக்குப் போய் கம்ப்யூட்டர் கடைகளைச் சுற்றிவருவார். மடிக்கணினிகளில் ஒட்டியிருக்கும் கம்பெனியின் ஸ்டிக்கரைக் கைலேஞ்சியால் துடைப்பார். வேறு கம்பெனியின் ஸ்டிக்கர் கண்ணில் பட்டால் அந்தக் கம்ப்யூட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைப்பார். கடைப் பையன் ஓடிவந்து வாங்கப் போகிறீர்களா என்று கேட்டால், "இல்ல லா, புள்ளைங்கள பாத்துட்டுப் போக வந்தேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

இதெல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது அவருடைய கதவு வைத்தியம்.

அதற்கு ஒரு புராணம் உண்டு. கம்பெனி முதலில் மூளைச் சில்லுக்குப் பேர் போனதல்லவாம். ஞாபகம் வைத்திருக்கும் சில்லுத்தான் அதற்குச் சோறு போட்டது. பிறகு ஜப்பான்காரர்கள் அதையே இன்னும் நன்றாகவும் மலிவாகவும் செய்யத் தொடங்கினார்கள். கம்பெனி சரியத் தொடங்கியது. அப்போது இரண்டு முதலாளிமார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்களாம். ஒருவர் கேட்டாராம், நம்மைத் துரத்திவிட்டுப் புது ஆளைக் கொண்டுவந்தால் அவன் என்ன செய்வான் என்று. ஞாபகச் சில்லைக் கைவிடுவான் என்றாராம் மற்றவர். அப்படியென்றால் நாமே இந்தக் கதவால் வெளியே போய், புது ஆளாக உள்ளே வந்து, அதைச் செய்தால் என்ன? செய்தார்கள். சனத்துக்கு வேலை போனது, ஆலைகள் மூடப்பட்டன. ஆனால் கம்பெனி பிழைத்தது. பிறகு உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் மூளை கொடுத்தது.

இந்தக் கதையை அண்ணை சொல்லக் கேட்டால் மயிர் கூச்செறியும். அதோடு விட்டிருக்கலாம். அவர் எல்லாவற்றுக்கும் அதையே மருந்தாக்கினார். மரக்கறிக் கடையில் கத்தரிக்காயா பூசணிக்காயா என்று குழம்பினால் வெளியே போய்ப் புது மனிதராக உள்ளே வருவார். ஒருமுறை டாக்டர் இவருடைய இரத்த அழுத்தக் குளிசையை மாற்றுவதா விடுவதா என்று யோசித்தாராம். "டாக்டர், நீங்க வெளிய போய் உள்ள வாங்க" என்றார் அண்ணை. பாவம், மரியாதை தெரிந்த டாக்டர், போனார். அவர் திரும்பி வருவதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்து சட்டையைக் கழற்றிவிட்டாராம்.

இனி எங்கள் சமையலறைக்கு வருகிறேன்.

மாசியில் உள்ள சமூக மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து தோசைக்கடை போட்டோம். தோசைக்கு மதுரை ராஜி. அவள் கல்லில் மாவை ஊற்றினால் வட்டம் தானாக விழும். நான் யாழ்ப்பாணம், சாம்பாரும் சம்பலும் என் பொறுப்பு. எனக்குக் கூட்டத்தில் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு அடுப்படிக்கு வந்தவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குச் சுகம். மற்ற நாட்களில் மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் வீடு மூச்சுவிடாது. பேரப்பிள்ளைகள் நான் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவார்கள். சனிக்கிழமை மட்டும்தான் என் காதில் தமிழ் விழும். அந்தச் சமையலறை எனக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

அங்கே இருந்த ஒரே ஆண் கம்பெனி அண்ணை. கோப்பை கழுவ வந்தவர், வந்த முதல் நாளே சமையலறையைத் தொழிற்சாலை ஆக்கிவிட்டார். எல்லோருக்கும் தலைவலை, நீலக் கையுறை, முகமூடி. கதவு எந்த நேரமும் சாத்தியிருக்க வேண்டும். திறந்தால் தூசி வரும். வடைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சோதிப்பார். ஓட்டை நடுவில் இல்லையென்றால், "ரிஜெக்ட்." ரிஜெக்ட் ஆனதை வீணாக்கக் கூடாது என்று தானே தின்றுவிடுவார். உளுந்து நன்றாகப் பொங்கிய நாட்களில் ரிஜெக்ட் கூடும்.

அப்படி இருக்கும்போது பெரிய தெருவில் புதிதாக ஒரு தோசைக்கடை வந்தது. மெஷினில் சுடும் தோசை. கார் நிறுத்த இடம், ஏசி, மலிவு. எங்கள் வரிசை மெலிந்தது. பிறகு வரிசையே இல்லை. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷரன் என்ற வெள்ளைக்காரி வந்து மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: ஆட்கள் வரவில்லையென்றால் அடுத்த பள்ளித் தவணையிலிருந்து சனிக்கிழமைச் சமையலறையை ஒரு நடனக் குழுவுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை மழை. ஒரு வாடிக்கையாளரும் இல்லை. அண்ணை கையுறையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார்.

"ராஜிமா, கோவிச்சுக்காதீங்க. தோசைய விட்டுடணும்."

"என்னது? நல்லா வருது வாயில! தோசைலதான் ஆரம்பிச்சோம், தோசைலதான் நிப்போம்."

"கம்பெனியும் ஞாபகச் சில்லுலதான் ஆரம்பிச்சுச்சு லா."

"உங்க கம்பெனியத் தூக்கிக் குப்பைல போடுங்க. எனக்குத் தோசையத் தவிர என்ன தெரியும்?"

அண்ணை கோபப்படவில்லை. குரல் கொஞ்சம் இறங்கியது. "ராஜிமா, கேளுங்க. கைப்போன் வரப் போகுதுன்னப்போ அதுக்கு மூளை செஞ்சு குடுன்னு கம்பெனியத்தான் கேட்டாங்க. லாபம் பத்தாதுன்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கும் அதே கதவு இருந்துச்சு லா. யாரும் வெளிய போகல. அதான் இன்னிக்கு இப்படிக் கிடக்கு."

அந்த மனிதர் கம்பெனியைக் குறை சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். ராஜிக்கும் என்னவோ பட்டிருக்க வேண்டும். கரண்டியைக் கீழே வைத்தாள். "சரிங்க. இப்ப என்ன பண்ணணும்ங்கிறீங்க?"

"எல்லாரும் வெளிய போய் உள்ள வரணும்."

"மழை பெய்யுது அண்ணை" என்றேன்.

"ரெண்டு நிமிஷம்தான், அக்கா."

"அடுப்பில மிளகாயும் மல்லியும் கிடக்கு. நிப்பாட்டிப்போட்டு வாறன்."

"விடுங்க லா, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கறித்தூளுக்கு வறுத்துக்கொண்டிருந்தேன். மகள் வீட்டில் வறுக்க விடமாட்டாள், உடுப்பிலெல்லாம் மணம் பிடிக்கும் என்பாள். கராஜில் வைத்து வறுத்துப் பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரர் இருமினார். ஆகவே அங்கேதான் வறுப்பேன்.

எல்லோரும் பின்கதவால் மழைக்குள் இறங்கினோம். கடைசியாக வந்தவர் அண்ணை. வந்தவர் தொழிற்சாலைப் பழக்கத்தில், தூசி உள்ளே போய்விடக் கூடாதென்று, கதவை நன்றாக இழுத்துச் சாத்தினார்.

க்ளிக்.

அது சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி உள்ளே. கைப்பைகளும் போன்களும் உள்ளே. முன்கதவு வெளியாட்கள் இல்லாததால் நாங்களே உள்ளே பூட்டி வைத்தது. தலைவலை, நீலக் கையுறை, முகமூடியோடு நாங்கள் கார் நிறுத்தும் இடத்தில் மழையில் நின்றோம். பஸ்ஸில் போனவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"இப்ப நாம புது முதலாளிங்க" என்றார் அண்ணை, மெதுவாக.

"புது முதலாளி உங்கள மொத வேலையா வீட்டுக்கு அனுப்புவா" என்றாள் ராஜி.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. சமையலறையின் புகைபோக்கி எங்கள் தலைக்கு மேலேதான் இருந்தது. வறுபடும் மல்லி, சீரகம், கறிவேப்பிலை, எல்லாம் சேர்ந்து ஈரக் காற்றில் இறங்கியது. உள்ளே நிற்கும்போது முகமூடி போட்டுக்கொண்டு நாங்கள் ஒருநாளும் அதை மணந்ததில்லை. மூலையில் டெய்ரி என்று இங்கே சொல்லும் சில்லறைக் கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரர் குடையோடு வந்து, "ஆன்ட்டி, அது என்ன? விற்பீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்குப் பின்னால் நாயோடு நடந்து வந்த ஒரு சமோவாத் தீவுக்கார அம்மாவும் நின்றுவிட்டார். நாயும் நின்றது.

ராஜி முகமூடியைக் கீழே இழுத்து மூச்சை இழுத்தாள். அவள் கண் என்மேல் வந்து நின்றது. "அக்கா, புதுசா ஒருத்தி வந்தா தோசையத்தான் நிறுத்துவா. இந்தத் தூளத்தான் விப்பா." தோசையைத் தவிர என்ன தெரியும் என்று கேட்டவள் அவள்தான். ஆனாலும் சொன்னாள். அவ்வளவு நேர்மையான பெண்ணை நான் கண்டதில்லை.

"பாத்தீங்களா லா!" என்று அண்ணை குதித்தார். கைதட்டினார்.

அந்தக் கைதட்டல் முடிவதற்குள் மிளகாய் கருகத் தொடங்கியது. முதலில் நாய் தும்மியது. பிறகு குஜராத்திக்காரர். பிறகு உள்ளே அபாய மணி அலறியது. தீயணைப்பு வண்டி வந்து நின்றதும், குதித்து இறங்கிய ஆட்கள் எங்களுடைய தலைவலையையும் முகமூடியையும் பார்த்து, உள்ளே ஏதோ சத்திரசிகிச்சை நடக்கிறது என்று நினைத்து ஒரு கணம் தயங்கினார்கள். கதவைத் திறந்தார்கள். திறந்த வேகத்திலேயே வெளியே வந்தார்கள். ஆறடி உயர மனிதர்கள், நெருப்புக்குப் பயப்படாதவர்கள், எங்கள் மிளகாய்க்கு அழுதுகொண்டு புல்லில் உட்கார்ந்தார்கள். சட்டியைத் தவிர ஒன்றும் எரியவில்லை.

ஷரன் வந்தாள். இம்முறை மரியாதை குறைவு. "யார் பொறுப்பு?"

எங்கள் கண்கள் எல்லாம் நிலத்தில். சமையலறை போய்விட்டது என்றே நினைத்தேன். அண்ணை ஓரடி முன்னே வைத்து, தலைவலையைக் கழற்றினார். "நான்தான், மேடம். இவங்க யாரும் இல்ல" என்று தன்னுடைய மலேசிய ஆங்கிலத்தில் சொன்னார். ஷரன் யோசித்தாள். பெண்கள் இந்தத் தவணை முடியும்வரை தொடரலாம், ஆட்கள் வந்தால் பிறகு பார்ப்போம், ஆனால் இந்த மனிதர் இனிச் சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது என்றாள்.

"சரி லா" என்றார் அண்ணை எங்களிடம். "கம்பெனி பிழைக்கணும்னா ஆளக் கொறைக்கணும்."

"என்ன பேச்சுங்க இது!" என்று ராஜி சீறினாள்.

"ஏன், என்னையும்தான் அனுப்புனாங்க. ஒரு காலைல கூப்பிட்டுக் கை குடுத்து, போயிட்டு வாங்கன்னாங்க. அதுக்காகக் கோவிச்சுக்க முடியுமா? கம்பெனி பிழைச்சுச்சே." கையுறையைக் கழற்றி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவரை அவர்கள் அனுப்பிவிட்டார்கள் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை தோசைக்கல்லை ராஜி தானே எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். தூள் வறுத்தோம், இடித்தோம், அடைத்தோம். யன்னலால் பார்த்தால் கார் நிறுத்தும் இடத்தில் அண்ணையின் கார். அவர் உள்ளே. நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். "சமையலறைக்குள்ள வரக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. கார் பார்க் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றார்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கார்தான் எங்கள் தலைமையகம். நான் தேத்தண்ணியோடு போவேன், ஏதாவது ஒரு யோசனையோடு திரும்பி வருவேன். "அக்கா, அந்தத் தோசைக்கடைக்கே தூள் குடுங்க" என்றார் ஒருநாள். ராஜி கேட்டதும் துள்ளினாள். "எதிரிக்கா? போய்ச் சொல்லுங்க, முடியாதுன்னு!" நான் போய்ச் சொன்னேன். அண்ணை சிரித்தார். "கம்பெனி என்ன கம்ப்யூட்டரா வித்துச்சு? விக்கிறவனுக்கு மூளைய வித்துச்சு. வயித்துக்குள்ள கிடக்குற சில்ல யாரு பாப்பாங்க? அதான் வெளிய ஒரு ஸ்டிக்கர் ஒட்டுனாங்க. சனங்க அந்த ஸ்டிக்கரத் தேடி வாங்குனாங்க லா."

அதைக் கேட்டு ராஜி முணுமுணுத்துக்கொண்டே ஒரு பொட்டலம் கட்டித் தந்தாள். தோசைக்கடைப் பையன் எங்கள் தூளைக் கிழங்குமசாலாவில் போட்டுப் பார்த்தான். ஒரு மாதம் போவதற்குள் அவனுடைய கண்ணாடிக் கதவிலேயே "உள்ளே மாசிப் பெண்களின் தூள்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. தெற்கே தூரத்தில் உள்ள புக்கெகோஹி ஊரில் மரக்கறி பொதி செய்யும் இடத்திலிருந்து ஒரு தம்பதி காரில் வந்து பெட்டியாக அள்ளிப்போனார்கள். மண்டபத்து வாசலில் மழையிலும் வரிசை. தீயணைப்புக்காரர் ஒருவர்கூட வந்தார், தண்ணீர்ப் போத்தலோடு.

தவணை முடியும் நாளில் ஷரன் வந்து, வருசம் முழுவதும் சனிக்கிழமை உங்களுக்குத்தான் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். ராஜி என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் யன்னலைப் பார்த்தேன். கார்க் கண்ணாடியில் மூச்சு படிந்திருந்தது. உள்ளே இருந்து ஒரு கை அதைத் துடைத்தது, என்ன கைதட்டல் என்று பார்க்க.

நான் ஷரனிடம் போனேன். அதுவரை அவளோடு "ஹலோ"வும் "தேங்க்யூ"வும் தவிர வேறொன்றும் பேசியதில்லை. "த மேன் இன் த கார்" என்றேன். "ஹி கம் இன். ஓர் ஐ கோ அவுட்."

ராஜியின் வாய் திறந்தபடியே இருந்தது. ஷரன் என்னையும் தூள் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். வரட்டும், கதவை மட்டும் அவர் தொடக் கூடாது என்றாள்.

குடைகூட எடுக்காமல் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினேன். அண்ணை பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கினார்.

"என்னக்கா, என்ன ஆச்சு? கிடைச்சிருச்சா? பிழைச்சுச்சா?"

"ஓம். பிழைச்சிட்டுது. இறங்கி வாங்கோ."

"நானா? கம்பெனி கூப்பிடுதா?"

"கம்பெனி ஒருத்தரையும் கூப்பிடாது, அண்ணை. நான்தான் கூப்பிடுறன்."